ராக்காயி வாயின் இரண்டு புள்ளிகள்

1

இந்தக் கதை ஒரு தேயிலைப் பெக்கட்டிலிருந்து வந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை, பிள்ளைகளே. ஹட்டன் கடைத்தெருவுக்குத் தேத்தூள் வாங்கப் போனேன். (தேயிலைக்கு நடுவே பிறந்து தேயிலைக்கு நடுவே கிழவியானவள் தேத்தூளைக் கடையில் போய் வாங்குகிறாள். இதைப் பற்றியே ஒரு கதை எழுதலாம். எனக்கு அலுத்துவிட்டது, வேறு யாராவது எழுதுங்கள்.) கடைக்காரர் எடுத்து வைத்த பெக்கட்டின் மேல் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, முதுகில் கூடை. பற்பசை விளம்பரத்துக்கு வந்தவள் வழி தெரியாமல் தேயிலை மலைக்குள் ஏறிவிட்டது போல அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்துப் பெக்கட்டில் இன்னொருத்தி, அவளுக்கும் சிரிப்பு. மேல் தட்டு முழுக்கச் சிரிப்பு. இவர்களுக்கெல்லாம் யார் கிச்சுக்கிச்சு மூட்டியது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மலைமுகடுகளைப் பனி மெல்லத் தழுவிய அந்த அதிகாலையில் ராக்காயி"

வேண்டாம். மலையகக் கதை என்றால் முதல் வரியிலேயே பனியை இறக்கிவிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. இந்தக் கதையில் பனி கிடையாது. வெயிலும் மழையும் உண்டு, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தொடக்கம்: "நூற்றாண்டுகளின் சுரண்டலைச் சுமந்து வளைந்த அந்த முதுகு"

இதுவும் வேண்டாம். இப்படி மேடையில் பேசும் முதுகை நான் எந்தத் தோட்டத்து லய வீட்டு வரிசையிலும் கண்டதில்லை.

மூன்றாவது: "பிரேமினி மவுஸை உருட்டி ராக்காயியின் வாயைப் பெரிதாக்கினாள்."

இது இருக்கட்டும். இதில் ஒரு வேலை நடக்கிறது.

2

பிரேமினிக்கு ஹட்டனில் ஜெரோமியின் கடையில் வேலை. கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில். கல்யாண அட்டை, பேனர், சாமான்களுக்கு ஒட்டும் லேபல் எல்லாம் அங்கே அடிப்பார்கள். ஜெரோமி அண்மையில் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார். அச்சடித்த ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தால் அதுவே கத்தியை இறக்கி, படத்தின் ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து வெட்டித் தரும். ஜெரோமி அதற்குத் தினமும் காலையில் ஊதுபத்தி காட்டுகிறார். அவர் கத்தோலிக்கர். மெஷினுக்கு எந்த மதம் என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று காட்டுவதாகச் சொல்வார்.

ஊறுகாய் போடுகிறவர்களும் மிளகாய்த்தூள் அரைக்கிறவர்களும் தங்கள் சின்னத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பழைய போத்தலைக் கையில் பிடித்துக் கட்டைவிரலும் தெரிய எடுத்த படம். "இதையே போட்டுருங்க, நல்லா இருக்கு." பெரிதாக்கினால் அது சின்னமாக இருக்காது, கட்டம் கட்டமாகக் கலங்கிய சேறாக இருக்கும். பிரேமினி அதைத் திருப்பி வரைய வேண்டும். கணினியில் வரைவது என்றால் தூரிகை இல்லை. புள்ளி வைக்க வேண்டும், புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து வளைக்க வேண்டும். அப்படி வரைந்ததை நகத்தளவு ஆக்கினாலும் சுவரளவு ஆக்கினாலும் கலங்காது. பிறகு அதைச் சுற்றி வெட்டுக்கோடு. கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளை தெரியும் என்பதால், வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் நிறத்தை ஓடவிட வேண்டும்.*

* நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஓடவிட்டிருக்கிறேன். வெட்டுவது உங்கள் பொறுப்பு.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு தேயிலைக் கம்பனியின் ஓடர் வந்தது. கடைக்கு இதுவரை வந்ததிலேயே பெரியது. தகரப் பெட்டியில் ஒட்டும் லேபல், கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவமாகவே வெட்டப்பட வேண்டும். அனுப்பியவள் பிரியந்தி. கம்பனியில் விளம்பரப் பகுதியைப் பார்ப்பவள். சொந்த ஊர் வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஊர்தான். மாதிரிக்கென்று இணையத்தில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாள். அதில் ஒருத்தி கூடையைப் பள்ளிக்கூடப் பை போல இரண்டு தோளிலும் பட்டி போட்டு மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாள்.

"இவ ஹோம்வேர்க் செஞ்சிட்டு வந்தாளான்னு கேளு" என்றார் ஜெரோமி.

பிரேமினி, "நானே ஒருத்தங்கள வரையிறேன் அண்ணே" என்றாள். மனதில் அப்போதே ஆள் இருந்தது.

3

இந்த இடத்தில், ராக்காயி கதைக்கு ஒத்துழைப்பாளா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

ராக்காயி பிரேமினியின் மாமியார், தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். மகன் துஷாந்த் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான், தீபாவளிக்கு வருவான். லயக் காம்பறாவில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ராக்காயி இவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. திட்டியதும் இல்லை. இவள் வேலைக்குப் போகுமுன் குளிக்கச் சுடுதண்ணீர் அடுப்பில் இருக்கும், பிளாஸ்க்கில் தேத்தண்ணி இருக்கும். சிரிப்பு மட்டும் இருக்காது. பிரேமினி வந்த புதிதில் சம்பல் இடித்துப் பார்த்தாள், சேலை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள், தன் தலையிலேயே பூசணிக்காய் விழுந்த கதையைச் சொல்லிப் பார்த்தாள். பூசணிக்காய்க் கதைக்கு ராக்காயி, "காயி ஒடஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

வீதியோர மலையில் வேன் நிறுத்தி இறங்கும் வெள்ளைக்காரர்கள் கமராவைத் தூக்கினால் மற்றப் பெண்கள் சிரித்துக் கொடுப்பார்கள், ஏதாவது கிடைக்கும். ராக்காயி செடிப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் கேட்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையைப் பாதியில் வாசித்த ஒரு பத்திரிகைக்காரர், "சிரிக்காததற்கு ஒரு பின்புலம் வேண்டும் அம்மா, ஒரு சாவு மாதிரி" என்றார். எத்தனை இலகுவாகக் கேட்கிறார், கடையில் இன்னும் கொஞ்சம் சீனி போடு என்பது போல. நான் எழுதியும் பார்த்தேன்: "புருஷன் மண்சரிவில் போன அன்றிலிருந்து ராக்காயியின் உதடுகள்"

ராக்காயியின் புருஷன் செல்லசாமி மண்சரிவில் போகவில்லை. வயதாகி, இருமி, ஆஸ்பத்திரியில் போனார். அவர் இருந்தபோதும் அவள் சிரிக்கவில்லை. சில பேர் சிரிக்க மாட்டார்கள், ராசாக்களா. அவர்களிடம் போய்ச் சாவுச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

படம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. ராக்காயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஒங்கள ஒரு படம் புடிக்கவா?"

"எதுக்கு?"

"தேயிலப் பெட்டியில போடத்தான். லேபலுக்கு."

"என்னயவா? வாங்க வாறவன் பெட்டியப் போட்டுட்டு ஓடவா?"

"இல்லத்த, நெசமாத்தான்."

ராக்காயி முறத்தைக் கீழே வைத்தாள். "யானையப் போடுறானுங்க, சிங்கத்தப் போடுறானுங்க, தொர பங்களாவப் போடுறானுங்க. என்னயப் போட்டா என்ன கொறஞ்சிறப் போவுது? போடு. ஆனா ஒண்ணு. வாயத் தொடாத."

"வாயவா?"

"சிரிக்க வச்சிறாத. இருக்க மாதிரி போடு."

பிரேமினி சரி என்றாள். ராக்காயி கூடையை எடுத்து, கொங்காணிச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டு, அதன் மேல் கயிற்றை மாட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்துக் காம்பறா வீரம்மா எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ஞாயித்துக்கெழம கொழுந்து நிறுக்கப் போறீங்களா?" என்றாள். "பெட்டியில ஏறப் போறேன்" என்றாள் ராக்காயி. அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொன்னது ராக்காயியேதான். சிரிக்காமல்தான் சொன்னாள், ஆனால் எல்லாரிடமும் சொன்னாள்.

(இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வலிக்கப் போவது இது.)

4

பிரேமினி வரைந்தாள். மூக்கு நேராக வந்தது, கொங்காணி மடிப்பு நேராக வந்தது, மூடிய வாய் ஒரே கோட்டில் வந்தது. பிறகு வெட்டுக்கோட்டைப் போட்டபோது கயிறு இடித்தது.

கூடை முதுகில் இருக்கும், அதன் கயிறு தலைமேல் போகும். கழுத்துக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து, அதன் மேல் கயிறு ஒரு நூலாக ஓடும். லேபலோ தீப்பெட்டியைவிடச் சிறியது. அந்த நூலைச் சுற்றிக் கத்தி போனால் ஸ்டிக்கர் கிழிந்து கையோடு வரும். ஜெரோமி வெட்டிக் காட்டினார். கிழிந்து வந்தது.

"கயித்த எடுத்துரு" என்றார்.

"கயிறு இல்லாம கூட எப்படிண்ணே நிக்கும்?"

"லேபல்ல நிக்கும் புள்ள. யாரு வந்து கேக்கப் போறா?"

பிரேமினி எடுத்தாள். கூடை முதுகில் தானாக ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போது மலையில் பல பேர் கூடை கொண்டு போவதில்லை, வெள்ளைச் சாக்குத்தான். கூடை போய்ச் சாக்கு வந்த பிறகும் தலையில் அந்தக் கயிறு போகவில்லை. எத்தனையோ பேர் மேடை போட்டு, கொடி பிடித்து, வாக்குக் கொடுத்து எடுக்க முடியாத கயிற்றை ஜெரோமியின் மெஷின் ஒரே நாளில் எடுத்துவிட்டது. ஊதுபத்தி வீண்போகவில்லை.

படம் கொழும்புக்குப் போனது. மதியத்துக்குள் பிரியந்தியின் குரல் பதிவு வந்தது.

"பிரேமினி, ட்ரோயிங் சுப்பர்மா. ஆனா ஏன் இவங்க இவ்வளவு கோவமா இருக்காங்க? லைட்டா ஒரு சிரிப்பு குடுங்க. எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான், எனக்குத் தெரியாததில்ல. ஆனா சுப்பர் மார்க்கட்ல டீ வாங்க வாறவங்க முகத்தப் பாத்து மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க. சின்னச் சிரிப்புதான். ரெண்டு புள்ளியத் தூக்குனா வந்துரும், இல்லையா?"

வந்துவிடும். அதுதான் கொடுமை. வரைந்த வாயில் இரண்டு ஓரத்திலும் இரண்டு புள்ளி. இரண்டையும் பிடித்து ஒரு மிளகளவு மேலே தூக்கினால் போதும். கயிற்றை எடுத்ததற்குக் கத்தியின் மேல் பழி போடலாம். வாய் உருவத்துக்கு நடுவே இருக்கிறது, கத்தி அந்தப் பக்கமே போகாது.

பிரேமினி பொய் சொன்னாள். "மேடம், சின்ன லேபல்ல சிரிப்பு நிக்காதுங்க. ஒதட்டுக் கோடு மெல்லிசு. மை கசிஞ்சா மீச மாதிரி தெரியும்."

பிரியந்தி யோசித்துவிட்டு அனுப்பினாள்: "அப்படியா? அப்போ லேபல பெருசாக்கிருவோம். பெட்டியோட முன்பக்கம் முழுக்க வரட்டும்."

ஜெரோமிக்கு வாயெல்லாம் பல். (இந்தக் கதையில் உண்மையாகச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.) "மீசன்னு சொல்லி என் ஓடரையே பெருசாக்கிட்டியே புள்ள. இன்னும் ரெண்டு பொய் சொல்லு பாப்போம்."

5

பெரிய அளவில் மாதிரித் தாள் அடித்தார்கள். ஒரே தாளில் இரண்டு ராக்காயி. இடது பக்கத்தில் வாய் மூடியவள், வலது பக்கத்தில் புள்ளி தூக்கியவள். இருவருக்கும் கயிறு இல்லை. வலது பக்கத்தவளைப் பிரேமினி நெடுநேரம் பார்த்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை: அவளுக்குப் பிடித்திருந்தது. சம்பலும் சேலையும் பூசணிக்காயும் கொண்டுவராத ஒன்றை இரண்டு புள்ளி கொண்டுவந்திருந்தது. அந்த முகம் சிரித்தால் துஷாந்தின் முகம் போல இருக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போனாள். மாலை, ராக்காயி மலையிலிருந்து வந்து பீலித் தண்ணீரில் கால் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பிரேமினி தாளை விரித்தாள். ராக்காயி இடது பக்கத்தை முதலில் பார்த்தாள்.

"நானா?"

"ஆமாத்த."

"மூக்கு நல்லா வந்திருக்கு. கயிறு எங்க?"

"மெஷின் வெட்டாதுத்த. மெல்லிசா இருக்கில்ல, கத்தி கிழிச்சிருது."

"மெஷினுக்குக் கஷ்டம்."

"ஆமா."

"எனக்குக் கஷ்டம்னு இத்தன வருசத்துல ஒரு பய எடுக்கல. மெஷினுக்குக் கஷ்டம்னதும் ஒடனே எடுத்துப்புட்டீங்க." சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைத்தாள். "நல்ல மெஷினு."

பிறகு வலது பக்கம் போனாள். தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"இவ யாரு?"

"அதுவும் நீங்கதான். அந்த மேடம் கேட்டாங்க. சும்மா போட்டுப் பாத்தேன்."

"வாயத் தொடாதன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

ராக்காயி தாளை மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. "கயிறு இல்லாட்டி நானும் இப்பிடித்தான் இருந்திருப்பேன் போல" என்றாள். அதையும் சிரிக்காமலேதான் சொன்னாள்.

பிறகு செய்ததைத்தான் நான் எத்தனை தடவை எழுதியும் சரியாக வரவில்லை. சிரித்தவளை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்தாள். எழுந்து போய், அலமாரியின் மேல் இருந்த பிரேமினியின் சோற்றுப் பெட்டியில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"ஒனக்குச் சிரிக்கிற மாமியாதான வேணும்? இந்தா, இவள நீ வச்சுக்க. கடைக்கு நான் போறேன். கயித்தக் கட்டி அனுப்பு."

6

கயிறு கட்ட முடிந்தது. மீசைப் பொய்யால் லேபல் பெரிதாகிவிட்டதே, இப்போது கயிற்றுக்கும் இடம் இருந்தது. பிரேமினி நூலைக் கொஞ்சம் தடிப்பாக்கினாள், கத்தி திரும்பும் முனைகளை வளைத்துக் கொடுத்தாள். மெஷின் கிழிக்காமல் வெட்டியது. தகரப் பெட்டியில் ஒட்டிப் பார்த்தார்கள். கொங்காணி, கயிறு, கூடை, மூடிய வாய். ஜெரோமி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒன் மாமியா என்னயவே மொறைக்கிற மாதிரி இருக்கு. கடன் வாங்குனவன் மாதிரி நெளியிறேன்" என்றார். ஆனால் பெட்டியைத் திருப்பி வைக்கவில்லை.

கொழும்புக்கு அனுப்பினார்கள். பிரியந்தியின் பதில்:

"ஐயோ, கயிறு சுப்பர்! எங்க சேருக்கும் புடிச்சிருக்கு. ரொம்ப ஒரிஜினலா இருக்குன்னு சொன்னாரு. கயிறு இருக்கட்டும். சிரிப்ப மட்டும் போட்டு இன்னைக்கு அனுப்பிருங்க, நாளைக்கு அடிக்கணும். சரிவராதுன்னா பரவால்ல, நான் முதல்ல அனுப்புன அந்த நெட் பொம்பளையே போதும். அவங்க சிரிக்கிறாங்கல்ல."

கவனித்தீர்களா? கயிறும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். பாரமும் இருக்க வேண்டும், அது பாரமில்லை என்று பாரம் சுமப்பவளே சிரித்துச் சொல்லவும் வேண்டும். இதற்குக் கொழும்பில் ஒரு படிப்பு இருக்கிறதாம்.

ஜெரோமி, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் புள்ள. மாமியா ஒன்னோடது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினார். நல்லவர்கள் இப்படித்தான் சமயம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

7

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

பிரேமினி கணினியை அணைத்து, வேலையைத் தூக்கி எறிந்து, தலை நிமிர்ந்து படியிறங்குகிறாள். வாசகர் கைதட்டுகிறார். மறுநாள் பள்ளிக்கூடப் பைக்காரி பெட்டியில் ஏறுகிறாள். ராக்காயியிடம் வீரம்மா கேட்கிறாள்: "என்ன மதினி, பெட்டியில ஏறப் போறேன்னீங்க, எறக்கிவிட்டுட்டானுங்களா?" ராக்காயி செடிப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இந்த வீரத்துக்கு விலை கொடுப்பது பிரேமினி இல்லை. கோடு இழுத்து அடித்துவிட்டேன்.

பிரேமினி புள்ளியைத் தூக்குகிறாள். ராக்காயி கூட்டுறவுக் கடையில் தன்னைப் பார்க்கிறாள், தலையில் கயிறும் வாயில் சிரிப்புமாக. வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் வைக்கிறாள், பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றுகிறாள். எதுவும் கேட்கவில்லை. இனி எப்போதும் கேட்கப் போவதில்லை. இதை எழுதும்போது கை கூசியது. அடித்துவிட்டேன், ஆனால் இதுதான் அதிகம் நடப்பது.

மூன்றாவது, பத்திரிகைக்காரர் கேட்டது: கடைசி வரியில் ராக்காயி மருமகளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரிக்கிறாள். "ஒரு நம்பிக்கையோட முடிங்கம்மா." என்னையும் இரண்டு புள்ளியைத் தூக்கச் சொல்கிறார், வேறென்ன? அவரும் பிரியந்தியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். ராக்காயி என்னிடமும்தானே சொன்னாள், வாயைத் தொடாதே என்று. நான் தொட மாட்டேன்.

8

எனவே கதையை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன், என் தங்கங்களா. மாடிக் கடை. கீழே தலவாக்கலை பஸ்காரன் கத்துகிறான். மேசையில் சோற்றுப் பெட்டி, அதன் மூடியில் கயிறில்லாத ராக்காயி சிரிக்கிறாள். திரையில் கயிறு கட்டிய ராக்காயி, வாய் மட்டும் பெரிதாக, ஒரு கதவளவுக்கு. இடது ஓரத்தில் ஒரு புள்ளி, வலது ஓரத்தில் ஒரு புள்ளி. கைபேசி மினுங்குகிறது: "அனுப்பிட்டீங்களா?"

பிரேமினி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுக்கச் சொன்னது நான்தான். பெட்டியை வாங்குவது அவளும் இல்லை, நானும் இல்லை. நான் அன்றைக்கும் அந்தப் பெக்கட்டை விட்டுவிட்டுத் தேத்தூளை நிறுத்துத்தான் வாங்கினேன், காகிதத்தில் சுற்றி.

வாங்குவது நீங்கள். யாருடைய மனசு கஷ்டப்படக் கூடாது என்று இத்தனையும் நடந்ததோ, அந்த மனசு உங்களுடையது. ஆகையால் இந்தாருங்கள், மவுஸைப் பிடியுங்கள். தூக்குவதானால் இரண்டையும் ஒரே அளவு தூக்குங்கள், இல்லாவிட்டால் கோணல் விழும். தூக்காவிட்டால், அந்த முகத்தை உங்கள் சமையலறைத் தட்டில் வைத்துத் தினமும் தேத்தண்ணி போட முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.